முன்னறைக்கு நடந்த தேர்தல்

"மெஷின்ல கை வச்சீங்கன்னா நடக்கிறதே வேற!"

"கத்தாதடி. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். முப்பது வருஷமா நீங்க கத்தி நான் கேட்டேன். இன்னைக்கு நான் கத்துறேன், தெரு கேக்கட்டும்."

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பாதிப் பேர் வாயில் பிரஷ்ஷோடு கேட்டுக்கு வந்து நின்றுவிட்டார்கள். நான் மொட்டை மாடியில், இன்னும் சொட்டிக்கொண்டிருந்த துணி காய்ந்துவிட்டதா என்று மூன்றாவது முறையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு வாசற்படியில் ஒரு தையல் மெஷின் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. உள்பக்கத்தை டீச்சர் பிடித்திருந்தார். வெளிப்பக்கத்தை ஒல்லியான ஒரு மனிதர் பிடித்திருந்தார். ஒல்லி மனிதருக்குப் பின்னால், பனியனும் பேன்ட்டும் பெல்ட்டுமாக, இடுப்பில் கைவைத்துக்கொண்டு டீச்சரின் வீட்டுக்காரர்.

"இழுய்யா ரைட்டர்!"

"அம்மா பிடிச்சிருக்காங்க சார்."

"விடச் சொல்லுய்யா."

"நீங்களே சொல்லிருங்க சார். நான் சொன்னா நல்லா இருக்காது."

வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். நேரில் பார்த்தால் எல்லாருக்கும் அவர் 'சார்'. முதுகைத் திருப்பினால் 'லத்தி'. வேலையில் இருந்த காலத்தில் அதை யார் மேல் எப்படி வீசினாரோ எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஓய்வுக்குப் பிறகும் காலையில் நடக்கப் போகும்போது கக்கத்தில் ஒரு குடையை அதே தினுசில் இடுக்கிக்கொண்டு போவார். கொட்டுகிற மழையில்கூட அதை விரித்ததில்லை. அந்த ஒல்லி மனிதர், ஸ்டேஷனில் இவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த ரைட்டர். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றார்கள். ஆனால் ரைட்டருக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, தையல் டீச்சர். புருஷனுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் பாத்திரம் பண்டத்தோடு ஒரே ஒரு மெஷினையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். எந்தக் குவார்ட்டர்ஸிலும் அதைப் போட இடம் கிடையாது. சமையலறை மூலையிலோ கட்டிலுக்கு அடியிலோ கிடக்கும். சொந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் முன்னறையில் ஒரு மெஷின் ஆறு மெஷின் ஆனது. பதினோரு பெண்கள் வந்து கற்றுக்கொண்டார்கள். ஜன்னல் பக்கம் வெட்டுகிற மேஜை, சுவரில் காகித அச்சுகள், கதவில் சாக்பீஸால் எழுதிய வகுப்பு நேரம். அந்த அறைக்குள் லத்தி செருப்போடு நுழைந்தால்கூட டீச்சர் ஒரு பார்வை பார்ப்பார்.

அந்த அறையைத்தான் லத்தி இப்போது கட்சி ஆபீஸ் ஆக்கவேண்டும் என்கிறார். வட்டாரக் கட்சியில் சேர்ந்துவிட்டாராம். பதவியும் வந்துவிட்டதாம். போர்டுகூடத் தயாராக மதிலில் சாய்ந்து நின்றது.

"எத்தனை நாளைக்கு?" என்றார் டீச்சர். மூச்சு வாங்கியது.

"எலெக்‌ஷன் வரைக்கும்."

"அப்புறம்?"

"ஜெயிச்சுட்டா நிரந்தரமா இதுதான் என் ஆபீஸ். வட்டார சபை உறுப்பினரைப் பாக்க நாலு பேரு வர்ற இடத்துல கடகடகடன்னு மெஷின் சத்தமா கேக்கணும்? கிளாஸை மூடிற வேண்டியதுதான்."

"தோத்தா?"

"நான் தோக்க மாட்டேன்."

"தோத்தா?"

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஆளைக் கவிழ்ப்பது லத்தியின் போலீஸ் வித்தை. அதை டீச்சர் அவர் மேலேயே பிரயோகித்ததில் தெருவுக்குப் பரம சந்தோஷம். யாரோ கனைத்தார்கள்.

"தோத்தா ரூம் உனக்கு. போர்டைக் கழட்டிடுறேன், கட்சி கிட்சி எதுவும் வேணாம். போதுமா?"

"இத்தனை பேரு கேட்டிருக்காங்க."

"கேக்கட்டுமே. நான் என்ன திருடனா, சொன்ன சொல்லு மாற?"

டீச்சர் மெஷினை விட்டார். இழுத்துக்கொண்டே நின்ற ரைட்டர் அதோடு சேர்ந்து படியில் உட்கார்ந்தார்.

ஆறு மெஷினும் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தன. எங்களிடம் ஷெட் உண்டு, கார்தான் கிடையாது. மேலே தகரம். வெயிலில் அடுப்பு, மழையில் ஒழுகல். பதினோரு பெண்களில் நாலு பேர் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டார்கள். மிச்சம் ஏழு பேருக்கும் தேர்தல் முடிந்த கையோடு சான்றிதழ்ப் பரீட்சை வரவிருந்தது. பரீட்சை எடுக்க வருகிறவர்கள் ஒழுங்கான அறையும் வெளிச்சமும் இருந்தால்தான் எடுப்பார்கள், தகர ஷெட்டைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார்கள். ஆகவே அந்த முன்னறை டீச்சருக்கு வெறும் வீம்பு இல்லை.

இனி லத்தியின் பதவியைச் சொல்லவேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக் குழுத் தலைவர். கேட்கும்போதே முதுகு நிமிர்கிறது இல்லையா? கட்சி தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பதவி இருக்கிறது. அதில் உட்கார்ந்தவர்கள் யாரும் ஒரு ஈயைக்கூட விரட்டியதில்லை. வேறு எதற்கும் லாயக்கில்லாத, ஆனால் சும்மா அனுப்பவும் முடியாத ஆளுக்குக் கட்சித் தலைவர் கொடுக்கிற பதவி அது. லெட்டர் பேடில் போட்டுக்கொள்ளலாம், கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரலாம், அவ்வளவுதான். சேர்ந்த அன்றே லத்தி தலைவருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்திருக்கிறார். அரண்டுபோன தலைவர், இந்த மனிதரைத் தன் கண்ணில் படாத ஒரு மூலையில் வைக்கவேண்டும் என்று நினைத்து இதைக் கொடுத்தார்.

லத்தி அதை நிஜம் என்று நம்பிவிட்டார்.

முன்னறையில் ஒரு மேஜை, இவருக்கு ஒரு கைவைத்த நாற்காலி, ரைட்டருக்கு ஒரு ஸ்டூல். வருகிறவர்களுக்கு எதுவும் இல்லை, நிற்கவேண்டும். டீச்சரின் காகித அச்சுகள் இருந்த சுவரில் தலைவரின் படம். விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

முதலில் கூப்பிடப்பட்டவர் கிளைச் செயலாளர். இருபது வருடமாகக் கட்சியில் இருக்கிறார். தொழில் பேக்கரி. முனையில் இருக்கிற கடைதான், இந்தப் பக்கம் எல்லாருக்கும் ரொட்டி அங்கேதான். நான் அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அந்தக் கிண்ணம் அவர்களுடையது இல்லை, அது வேறு விஷயம்.

"பேரு?"

"சார், காலையிலதான் என்கிட்ட ரொட்டி வாங்குனீங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில். தொழில்?"

"அந்த ரொட்டியைப் போட்டது நான்தான் சார்."

"போன கூட்டத்துல தலைவர் பேசுறப்ப சிரிச்சியா?"

"சிரிச்சேன் சார்."

"எதுக்கு?"

"தலைவர் ஜோக் சொன்னாரு."

"எல்லாரும் சிரிச்சு முடிச்ச பிறகும் நீ சிரிச்சதா தகவல்."

"எனக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் புரிஞ்சுது."

ரைட்டர் தலையை நிமிர்த்தினார். "லேட்டாப் புரிஞ்சுதுன்னு போட்டுக்கவா சார்?"

"உள்நோக்கத்தோடு சிரித்தார்னு போடு."

பேக்கரிக்காரர் நீக்கப்பட்டார். இருபது வருடம் ஒரு சிரிப்பில் போயிற்று. வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "கிண்ணம் நல்லா இருக்கும்மா" என்றார்.

அடுத்தது சொந்த மைத்துனர், டீச்சரின் தம்பி. மைக் செட் வைத்திருக்கிறவர், கல்யாணம் ஆகாதவர், கட்சியின் எல்லாக் கூட்டத்துக்கும் அவருடைய பெட்டிகள்தான். கூட்டத்தில் மைக் ஒரு தடவை கீச்சென்று கூவிவிட்டதாம்.

"மாமா, மைக்குன்னா கூவும். உலகம் பூரா கூவுது."

"இங்க மாமாவும் கிடையாது மச்சானும் கிடையாது. தலைவர் 'வளமான எதிர்காலம்'னு சொன்ன அந்த இடத்துல மட்டும் ஏன் கூவுச்சு?"

"அது மைக்கைத்தான் கேக்கணும் மாமா."

"நக்கலா?"

"இல்ல மாமா. பக்கத்துல போனா கூவும். தலைவரு எதிர்காலம்னதும் உணர்ச்சிவசப்பட்டுப் பக்கத்துல போயிட்டாரு."

"ரைட்டர், தலைவர் மேலயே பழி போடுறான்னு எழுதிக்க."

மைத்துனரும் போனார். அன்று மதியம் அக்காவின் ஷெட்டுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து, "அக்கா, என்னைக் கட்சியை விட்டு நீக்கிட்டாருக்கா" என்றார். டீச்சர் நூல் கோத்துக்கொண்டே, "உனக்கு வந்த அதிர்ஷ்டம்" என்றார்.

அப்புறம் வரிசைதான். கூட்டத்தில் கொட்டாவி விட்ட டிரைவர். தலைவருக்குப் போட்ட மாலை வாடியிருந்ததற்காகப் பூக்கடைக்காரர். எதிர்க்கட்சி வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காகப் பெயின்டர், அதுவும் அந்தக் கல்யாணம் நடந்து பேரன் பள்ளிக்கூடம் போகிற சமயத்தில். நீக்கப்பட்டவர்கள் எல்லாரும் நேரே பேக்கரிக்குப் போய் டீயும் பன்னுமாக உட்காருவார்கள். அடுத்த ஆள் எப்போது வருவான் என்று பந்தயம்கூடக் கட்டினார்கள். கொஞ்ச நாளில் பார்த்தால் கட்சியின் கிளை மொத்தமும் பேக்கரியில் இருந்தது, பேர்ப்பலகை மட்டும் லத்தி வீட்டில் இருந்தது.

தேர்தல் அறிவித்த பிறகு தலைவர் ஒருநாள் திடீரென்று வந்து இறங்கினார். வாசலில் காலி நாற்காலிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. லத்தி, ரைட்டர், கேட்காமலேயே மகளிர் அணியில் சேர்க்கப்பட்டிருந்த டீச்சர், காது கேட்காததால் விசாரணையில் தப்பித்த ஒரு பெரியவர் ஆகிய நான்கு பேர் எழுந்து நின்றார்கள்.

"ஆளுங்கெல்லாம் எங்கய்யா?" என்றார் தலைவர்.

"களையெடுத்துட்டேன் தலைவரே."

"களையை எடுத்துட்டே, சரி. பயிரு எங்கய்யா?"

லத்தி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. தலைவர் காரில் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, யார் யாருக்கோ போன் போட்டார். இந்தத் தொகுதிக்கு அன்று சாயங்காலத்துக்குள் ஒரு வேட்பாளர் பெயரைக் கொடுத்தாகவேண்டும். வேட்பாளர் கட்சி உறுப்பினராக இருக்கவேண்டும். உறுப்பினர்கள் நான்கே பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவர் ரைட்டர், ஒருவர் டீச்சர். இப்படியாகத்தான் லத்திக்கு டிக்கெட் கிடைத்தது. அவரோ தன் நேர்மைக்குக் கிடைத்தது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

எதிரே சுயேச்சையாக நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? லேட்டாகச் சிரித்த பேக்கரிக்காரர்தான். நீக்கப்பட்ட அத்தனை பேரும் அவருக்கு வேலை செய்தார்கள். மைத்துனரின் மைக் அவருக்காகத் தெருத் தெருவாகப் போனது. எந்த இடத்திலும் கூவவே இல்லை.

ரைட்டரையும் டீச்சரையும் இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டு லத்தி ஓட்டுக் கேட்க வந்த அழகைப் பார்த்திருக்கவேண்டும். கதவை விரலால் தட்டமாட்டார், உள்ளங்கையால் அறைவார், தப், தப், தப் என்று. கதவைத் திறந்தால் கும்பிடு போட நினைத்து இரண்டு கையும் கிளம்பும். பாதி வழியில் வலது கை தன்போக்கில் நெற்றிக்குப் போய்விடும், இடது கை மட்டும் நெஞ்சில் நிற்கும். எங்கள் வீட்டில் கதவைத் திறந்தவர் என் மாமனார். வாசலில் அந்தக் கோலத்தைப் பார்த்ததும், "நான் ஒண்ணும் பண்ணலை சார்" என்றார்.

"வீட்டுல எத்தனை ஓட்டு?"

"மூணு சார்."

"யாருக்குப் போடப் போறீங்க?"

"உங்களுக்குத்தான் சார்."

"மூணும்?"

"மூணும் சார்."

"போன தடவை யாருக்குப் போட்டீங்க?"

மாமனாருக்கு வியர்த்துவிட்டது. "போன தடவையும் உங்களுக்குத்தான் சார்."

போன தடவை இவர் நிற்கவே இல்லை. யூனிஃபார்மில் இருந்தார். அதெல்லாம் லத்தி காதில் ஏறவில்லை. திரும்பி ரைட்டரிடம், "ஒத்துக்கிட்டாங்க" என்றார். ரைட்டரும், "ஒத்துக்கிட்டாங்க சார்" என்றார். அடுத்த வீட்டில் தப், தப், தப்.

மறுக்கிற ஆளே இல்லை. முறைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற போலீஸ்காரரிடம் எவன் "மாட்டேன்" என்பான்? பேக்கரியில் உட்கார்ந்து இவரைப் பற்றி வண்டி வண்டியாகப் பேசிவிட்டு வந்தவன்கூட, இவர் தட்டினதும் எழுந்து நின்று "உங்களுக்குத்தான் சார்" என்றான். லத்தியோ, தன் முன்னால் ஒருவன் ஒத்துக்கொண்டுவிட்டால் அது முடிந்துபோன விஷயம், அப்புறம் மேலே அனுப்பவேண்டியதுதான் என்று பழகின மனிதர். பயத்தையெல்லாம் ஓட்டாக எண்ணிக்கொண்டே போனார். கடைசித் தெருவை முடிக்கும்போது, ஜெயித்த பிறகு சபையில் எந்தப் பக்க நாற்காலியில் உட்காருவது என்பதுதான் அவருடைய ஒரே கவலையாக இருந்தது.

மதில் ஓரமாகக் கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்து, முன்னறை ஜன்னலை இடித்துப் பெரிய வாசலாக்க அளவும் எடுத்துவிட்டார்.

அதைப் பார்த்த அன்றுதான் டீச்சர் ஷெட்டில் வந்து, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டாமல் உட்கார்ந்திருந்தார். பெண்கள் போய்விட்டார்கள். நான் டீ கொண்டு போனேன்.

"எல்லா வீட்டுலயும் சரின்னு சொல்லிட்டாங்களே" என்றார். "கூடவே போய்க் கேட்டேன். ஒருத்தரும் இல்லைன்னு சொல்லலை. நிஜமாவே ஜெயிச்சுருவாரா?"

"டீச்சர், எங்க வீட்டுலயும்தான் சரின்னு சொன்னோம்."

"அதான் கேக்குறேன். போடப் போறீங்களா?"

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை பார்க்கிறவர். பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். "டீச்சர், டிப்போவுக்கு ஆபீசர் வந்தா நாங்க அத்தனை பேரும் பஸ் சரியாத்தான் ஓடுதுன்னு சொல்லுவோம். என்னைக்காவது சரியா ஓடியிருக்கா?"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்கு வேடிக்கை. எனக்குப் பயமா இருக்கு. நானும் முப்பது வருஷமா அவருக்குச் சரி சரின்னுதான் சொல்லியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அப்படியேதான் நடந்திருக்கு." டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். பாவம், புருஷன் தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே, அடுத்த நாள் இரண்டாவது சுற்றிலும் அவருக்கு ஓட்டுக் கேட்டுக் கூடவே நடந்தார். முகத்தில் ஒரு சிரிப்பை ஊசி குத்தி நிறுத்தினது போல.

ஓட்டுப் போடுகிற நாளில் எல்லாச் சாவடியிலும் பேக்கரிக்காரரின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். லத்திக்கு ஆள் வேண்டாமா? இருந்தவர்களைத்தான் நீக்கிவிட்டாரே. ரைட்டர் ஒரு சைக்கிளில் சாவடி சாவடியாகப் போய் ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

முடிவை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பேக்கரிக்காரரின் ஆட்கள் சந்தோஷத்தில் தெரு முழுக்கக் கேக் கொடுத்தார்கள், எங்கள் வீட்டுக்கு இரண்டு துண்டு. தோல்வி என்றால் சாதாரணத் தோல்வி இல்லை. எங்கள் தெரு ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடச் சாவடியில் லத்திக்கு விழுந்தது நான்கு ஓட்டு.

வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரம் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். இவர் மறுநாள் காலையிலேயே குளித்து, ஷூ போட்டு, முன்னறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். விசாரணை! "என் ஓட்டு, ரைட்டர் ஓட்டு, பெரியவர் ஓட்டு, என் சம்சாரம் ஓட்டு, நாலும் சரி. மத்தவங்க எல்லாரும் என்கிட்ட ஒத்துக்கிட்டவங்க. ஒத்துக்கிட்டது எப்படி மாறும்? நடுவுல எங்கயோ மோசடி நடந்திருக்கு." ஒவ்வொரு வீடாக ரைட்டர் வந்து கூப்பிட்டார். என்ன சொல்வது, போனோம். பழக்கம்.

முதலில் என் மாமனார்தான் மாட்டினார்.

"அன்னைக்கு எனக்குத்தான்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன் சார்."

"போட்டீங்களா?"

"போட்டேன் சார், சத்தியமா போட்டேன்." கிழவர் அழுகிற மாதிரி ஆகிவிட்டார். "நீங்க கேட்டுட்டுப் போனதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பொய் சொன்னதா ஆயிறக்கூடாதேன்னு போட்டுட்டேன்."

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கே தெரியாது. லத்தி புருவத்தைச் சுருக்கினார்.

"நீங்களும் போட்டீங்கன்னா அஞ்சாவது இருக்கணுமே. நாலுதானே விழுந்திருக்கு? ரைட்டர், யாரோ பொய் சொல்றாங்க."

"சார், நான் போட்டேன் சார்," என்றார் ரைட்டர் அவசரமாக.

அப்போதுதான் வாசலில் சத்தம். டீச்சர், பின்னால் ஏழு பெண்கள், கூடவே மைத்துனர், ஆளுக்கொரு பக்கம் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"வழி விடுங்க. நாளன்னிக்குப் பரீட்சை," என்றார் டீச்சர்.

"விசாரணை நடந்துக்கிட்டு இருக்கு. முடியட்டும்."

"நான் முடிச்சு வைக்கிறேன். நான் போடலை."

லத்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு?"

"நான்."

"நீயா?"

"நான்தான்."

"எனக்கா போடலை?"

"உங்களுக்குத்தான் போடலை."

மூன்று தடவை கேட்டும் மூன்று தடவையும் ஒரே பதில் சொன்ன ஆளை லத்தியின் சர்வீஸில் பார்த்ததே இல்லை என்று ரைட்டர் பிற்பாடு பேக்கரியில் சொன்னாராம்.

"பின்ன யாருக்குப் போட்ட?"

"பேக்கரிக்காரருக்கு. அவரு ஷெட்டு வாசல்ல வந்து நின்னு, 'போடலாம்னு தோணுனா போடுங்க டீச்சர், இல்லைன்னா பரவாயில்லை'ன்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்க ஊரு பூரா கதவைத் தட்டுனீங்களே, என்கிட்ட ஒரு தடவை கேட்டீங்களா? பக்கத்துலதானே நின்னேன்."

லத்தி தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கட்சி விரோத நடவடிக்கைக்காக உன்னை நீக்குறேன்" என்றார்.

பின்னால் நின்ற ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம். தோத்தா ரூம் உனக்குன்னு சொன்னீங்க. போர்டைக் கழட்டுங்க."

"கட்சிக்குத் துரோகம் பண்ணினவளுக்குக் கொடுத்த வாக்கு செல்லாது. இது என் வீடு. ஆபீஸ் இங்கதான் இருக்கும்."

"உங்க வீடா?" டீச்சர் மெஷினைக் கீழே வைத்தார். குரல் உயரவே இல்லை. "வீடு என் பேர்ல இருக்கு. சர்வீஸ்ல இருக்கும்போது ஏன் உங்க பேர்ல வாங்காம என் பேர்ல வாங்குனீங்கன்னு இத்தனை பேரு முன்னாடி நான் சொல்லணுமா?"

சொல்லவேண்டியதே இல்லை. இன்ஸ்பெக்டர் சம்பளத்தில் மாடியோடு வீடு எப்படி வந்தது, அது ஏன் சம்சாரம் பேரில் வந்தது என்று தெருவில் நடக்கப் பழகின குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் டீச்சர் வாயால் கேட்க எல்லாரும் ஆசையோடு ஓரடி முன்னால் நகர்ந்தோம். கொடுத்துவைக்கவில்லை. லத்தி ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய்விட்டார்.

"ரைட்டர், ஸ்குரூ டிரைவர் எடு."

"போர்டைக் கழட்டவா சார்?"

"வேற என்னத்தய்யா கழட்டுவே?"

அன்று மதியத்துக்குள் தலைவரின் படம் இருந்த ஆணியில் மறுபடி காகித அச்சுகள் தொங்கின. பரீட்சை அந்த அறையில்தான் நடந்தது. ஏழு பெண்களில் ஆறு பேர் தேறினார்கள். தேறாதவள் அன்றைக்குக் களுக்கென்று சிரித்தவள். அவளுக்குக் கை ஓடாது, வாய்தான் ஓடும்.

லத்தி கொஞ்ச நாள் மாடியில் இருந்து பார்த்தார். கீழே மெஷின் சத்தம் கேட்டால் தொண்டையைச் செருமுவார். யாரும் நிறுத்தவில்லை. பிறகு இன்னொரு கட்சியில் சேர்ந்தார். அவர்களுடைய தலைமையகம் இருக்கிற ஊரில் ஒரு தனி அறை கொடுத்தார்களாம், பெட்டி படுக்கையோடு போய்விட்டார். ரைட்டர் கூடப் போகவில்லை. மகன் வீட்டுக்குக் குடிபோனவர், அங்கே சாய்வு நாற்காலி கிடைத்துவிட்டது என்று என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினார். பேக்கரிக்காரரும் இப்போது இங்கே இல்லை. சபை இருக்கிற ஊரில் பெரிய வீடாகப் பார்த்துப் போய்விட்டார். கடையை டிரைவர் பார்த்துக்கொள்கிறார், ரொட்டி முன்னைவிடச் சிறிதாகிவிட்டது.

பரீட்சையில் தேறாத அந்தப் பெண்ணை டீச்சரின் தம்பி கட்டிக்கொண்டார். ஷெட்டு மூலையில் உட்கார்ந்து அக்காவிடம் புலம்பின நாட்களிலேயே அது ஆரம்பமாகிவிட்டது. எனக்கு அப்போதே தெரியும், நான்தான் யாரிடமும் சொல்லவில்லை, ஒரு நாலைந்து பேரைத் தவிர. கல்யாணத்துக்கு லத்தி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதுக் கட்சியில் என்ன பதவி என்று என் மாமனார் பயபக்தியோடு கேட்டார், லத்தி பந்திக்கு எழுந்துவிட்டார். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் மைக் செட்டை விற்றுவிட்டு, புது ஜோடி பெண்ணின் அண்ணன் இருக்கிற துறைமுக ஊருக்குப் போய்விட்டது. அங்கே கப்பல் கம்பெனிக்குக் கித்தான் துணி தைக்கிறாளாம், மாசமாக வேறு இருக்கிறாளாம்.